சுகர் குறையட்டும், பிரஷர் அடங்கட்டும்: ஊசிக்கு நாள் பார்க்கிறவர்களுக்கு

(கொரோனா தடுப்பூசி பற்றி 2021 நவம்பரில் எழுதியது. இதில் வரும் விதிகள், இடைவெளிகள், முகாம்கள், ஏற்பாடுகள் எல்லாம் அப்போதையவை.)

"சுகர் கொஞ்சம் குறையட்டும் சார், அப்புறம் போட்டுக்கிறேன்."

2021 மார்ச் மாதத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது நவம்பர் வந்துவிட்டது. சுகருக்குப் பதில் சில நாள் பிரஷர் வரும், சில நாள் இதயக் குழாய் அடைப்புக்கு வைத்த ஸ்டென்ட், சில நாள் தைராய்டு. போன வாரம் ஒருவர் மூல வியாதி என்றார். மூலத்துக்கும் கொரோனா தடுப்பூசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சூடு சார்" என்றார்.

மூலத்தைச் சிரித்துவிட்டு விடலாம். சுகரை அப்படி விட முடியவில்லை. டாக்டரான என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் சுகர், பிரஷர்காரர்கள். கொரோனா வந்தால் நேராக ஆக்சிஜன் படுக்கைக்குப் போகக்கூடியவர்கள் இவர்கள்தான். ஊசிக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பவர்களும் இவர்களேதான். வீட்டில் இருக்கும் இருபத்தைந்து வயதுப் பையன் ரெண்டு டோஸும் முடித்துவிட்டு சர்டிபிகேட்டை ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறான். அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கட்டுரையை எழுத வைத்தவர் ஒரு மளிகை மொத்த வியாபாரி. பன்னிரண்டு வருஷச் சுகர், இதயத்தில் ஒரு ஸ்டென்ட். மனைவிக்கும் மகள்களுக்கும் தானே வண்டியில் கூட்டிப்போய் ஊசி போட வைத்தவர். தனக்கு மட்டும் "ரிப்போர்ட் நார்மல் ஆகட்டும்" என்று தள்ளிப்போட்டார். போன மாதம் கொரோனா வந்தது. நான்காவது நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஐசியூவில் கிடந்து, ஆக்சிஜன் மெஷினோடு வீடு திரும்பியிருக்கிறார். நேற்று அவர் போன் செய்து கேட்ட முதல் கேள்வி: "சார், இப்ப ஊசி போட்டுக்கலாமா?" இப்போது உடனே போட முடியாது. கொரோனாவிலிருந்து தேறி 3 மாதம் கழித்துத்தான் போட வேண்டும் என்பது 2021-ல் அரசின் விதி. எட்டு மாதமாகக் கதவு திறந்துகிடந்தபோது வராத மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஜனவரி 16-ம் தேதி தடுப்பூசி தொடங்கியபோது முதலில் எங்களைப் போன்ற மருத்துவப் பணியாளர்களுக்குப் போட்டார்கள். அப்புறம் முன்களப் பணியாளர்களுக்கு. மார்ச் 1-ம் தேதி பொதுமக்களுக்குத் திறந்தபோது யாரை முதலில் கூப்பிட்டார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? 60 வயதைத் தாண்டியவர்களை. அவர்களோடு 45-லிருந்து 59 வயதுக்குள் இருக்கும் நோயாளிகளை. 20 வகை நோய் நிலைகளைப் பட்டியல் போட்டார்கள். பிரஷரோடு சேர்ந்த பத்து வருஷச் சுகர், இதயச் செயலிழப்பு, பக்கவாதம், டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், கேன்சர், எச்ஐவி எல்லாம் அதில் உண்டு. இந்த நோய் இருக்கிறது என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் கொண்டுவந்தால்தான் அந்த வயதுக்காரர்களுக்கு அப்போது ஊசி. நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திரும்பச் சொல்கிறேன். நோய் இருந்தால்தான் ஊசி. அரசாங்கம் உங்கள் சுகரைப் பார்த்துத்தான் "நீங்கள் முன்னால் வாருங்கள்" என்று கூப்பிட்டது. அந்தப் பட்டியலை யாரோ தலைகீழாகப் படித்து "இந்த நோயெல்லாம் இருந்தால் போடக் கூடாதாம்" என்று வாட்ஸ்அப்பில் ஆடியோ போட, நம் ஊர் அதைப் பிடித்துக்கொண்டது.

இன்னொரு கணக்கும் பார்ப்போம். சுகர் குறையட்டும் என்றால் எப்போது குறையும்? நீங்கள் எடுக்கும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. இன்றைக்கே வாயைக் கட்டி, நடைப்பயிற்சி ஆரம்பித்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டாலும் அந்த எண் முழுதாக இறங்கித் தெரிய மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகு முதல் ஊசி. கோவிஷீல்டு ஊசி என்றால், 2021 விதிப்படி, 84 நாள் கழித்து இரண்டாவது. அதற்குப் பிறகு எதிர்ப்பாற்றல் நன்றாக எழும்ப இரண்டு வாரம். ஆக ஆறு மாதத்துக்கு மேல் வெறும் உடம்போடு நிற்கப்போகிறீர்கள். கொரோனா அதுவரை தெருமுனையில் உட்கார்ந்து காத்திருக்குமா?

அப்படி நிற்கும்போது நோய் வந்து மூச்சுத் திணறினால், உயிரைக் காப்பாற்ற நாங்கள் கொடுக்கும் முதல் மருந்துகளில் ஒன்று டெக்ஸாமெத்தசோன். அது ஸ்டீராய்டு. அது சுகரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் தெரியுமா? 400, 450 எல்லாம் சாதாரணம். 220-க்குப் பயந்து ஊசியைத் தள்ளிப்போட்டவருக்கு மணிக்கொரு தரம் விரலைக் குத்தி இன்சுலின் டிரிப் ஓட்டுவோம். மே, ஜூன் மாதங்களில் கருப்புப் பூஞ்சை என்று எல்லோரும் நடுங்கினீர்களே, அது பெரும்பாலும் பிடித்தது கட்டுப்பாடில்லாத சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளைத்தான். ஆக, சுகர் ஏறியிருக்கிறது என்பது ஊசியைச் சீக்கிரம் போட்டுக்கொள்ள ஒரு காரணம். சுகரைக் குறைக்கும் வேலை அதுபாட்டுக்கு நடக்கட்டும். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் எனக்குப் புரியாத ஒன்றும் உண்டு. தினம் ரெண்டு வேளை தன் வயிற்றில் தானே இன்சுலின் குத்திக்கொள்கிறவர் இந்த அரை மில்லி ஊசிக்குப் பயப்படுகிறார்.

பழியை மக்கள் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. ஜனவரியில் கோவேக்சின் என்ற இன்னொரு ஊசிக்கு வந்த தகவல் தாளில், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் தவிர்க்கலாம் என்ற அர்த்தத்தில் வரிகள் இருந்தன. அந்தப் பயம் அப்படியே தங்கிவிட்டது. எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கேம்ப்பில் பிரஷர் பார்த்து 160 காட்டியதும் "குறைச்சிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. வெயிலில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்ற அறுபது வயதுக்காரருக்கு, அதுவும் ஊசிப் பயத்தோடு, 160 காட்டாமல் வேறு என்ன காட்டும்? உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி பார்த்தால் போயிற்று. "உங்க டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெரியவர் மறுபடி வந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. சக மருத்துவர்களே, தயவுசெய்து இதை நிறுத்துங்கள்.

நடிகர் விவேக் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடிவதில்லை. 2021 ஏப்ரல் 15-ம் தேதி சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோரையும் போட்டுக்கொள்ளச் சொல்லித் தானும் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி இறந்தார். எனக்கும் அது பெரிய வருத்தம். அன்றைக்குப் பிறகு கேம்ப்பில் கூட்டம் குறைந்ததையும் பார்த்தேன். தடுப்பூசிக்குப் பின்வரும் பாதிப்புகளைப் பார்க்கும் தேசியக் குழு அதை ஆராய்ந்து, மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று போன மாதம் சொல்லிவிட்டது. மரணச் செய்தி சேர்ந்த வீடுகளில் எத்தனையில் இந்த முடிவு போய்ச் சேர்ந்திருக்கும்? இதயக் குழாய்க் கொழுப்பு ஒரு ராத்திரியில் படிவதில்லை. அது வருஷக்கணக்கில் படிகிற விஷயம்.

நம் மாநிலத்திலேயே எடுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையினர் 1,17,524 பேரை ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் ஆட்கள் ஆராய்ந்தார்கள். இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த மே நடுப்பகுதி வரைக்குமான கணக்கு. ரெண்டு டோஸ் போட்டவர்கள் 67,673 பேர், கொரோனாவில் இறந்தது 4 பேர். ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7 பேர். ஊசியே போடாதவர்கள் 17,059 பேர்தான், அவர்களில் 20 பேர் போய்விட்டார்கள். இதே வெயிலில், இதே தெருவில், லாக்டவுனில் நம்மை வீட்டுக்குள் விரட்டிய அதே போலீஸ்காரர்கள். வெளிநாட்டு ஆராய்ச்சி என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மே மாதத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் செருப்பையும் கல்லையும் வரிசையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் தீர்ந்ததும் சண்டை. ஊசிக்குப் பதிவு செய்யும் கோவின் இணையதளத்தில் ஸ்லாட் திறந்த நிமிஷத்திலேயே காலி. "கையிருப்பு இல்லை" என்று போர்டு மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த நர்ஸ் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. அப்போது ஊசி இல்லை, ஆட்கள் இருந்தார்கள். இப்போது ஃப்ரிட்ஜ் நிறைய ஊசி இருக்கிறது. 2021 செப்டம்பர் 12-லிருந்து மெகா முகாம் நடக்கிறது. பள்ளிக்கூடம், கோயில் மண்டபம், பஸ் ஸ்டாண்ட் எங்கும் போடுகிறார்கள், இலவசமாக. கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாக வருகிறார்கள். அவர்களைக் கண்டதும் கொல்லைப்புறமாக வயலுக்குப் போகிறவர்களும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை முகாம் சனிக்கிழமைக்கு மாறியது ஏன் என்று தெரியும்தானே? ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று ஆட்கள் ஞாயிறு முகாமைத் தவிர்த்தார்கள். அப்போது சுகாதாரத் துறை அமைச்சராக இருந்த மா. சுப்பிரமணியனே இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் மாற்றினார். கறி தாராளமாகச் சாப்பிடுங்கள், ஊசிக்கும் கறிக்கும் பகை கிடையாது. குடியைப் பற்றி நான் ஊசி இல்லாத நாளிலும் அதே அறிவுரைதான் சொல்வேன்.

ஊசி அன்றைக்கு என்ன செய்ய வேண்டும்? முதலில், மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதைத்தான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். "ஊசியோட மாத்திரை சேராது" என்று பிரஷர் மாத்திரையை ரெண்டு நாள் விட்டுவிட்டு, தலைசுற்றி வந்து, பழியை ஊசி மேல் போடுகிறார்கள். சுகர், பிரஷர், இதய மாத்திரை, இன்சுலின் எல்லாம் வழக்கம்போல. வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சுகர்காரர் பட்டினியாக வரிசையில் நின்றால் மயக்கம்தான் வரும். ரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுக்கிறவர்கள் நர்ஸிடம் சொல்லுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காமல் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர்கள் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் டெஸ்ட்) சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் போடவே கூடாது. மார்பகப் புற்றுநோய் அறுவை ஆனவர்களுக்கு எதிர்க் கை. கீமோ நடக்கிறதென்றால் மட்டும் எந்தத் தேதி என்று கேன்சர் டாக்டர் சொல்லட்டும்.

குப்பியைத் திறக்காமல் பத்துப் பேர் சேரட்டும் என்று நர்ஸ் உங்களை உட்கார வைத்தால் கோபப்படாதீர்கள். ஒரு குப்பியில் 10 டோஸ். திறந்தால் 4 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீந்தால் கொட்ட வேண்டும்.

போட்ட பிறகு 30 நிமிஷம் அங்கேயே இருங்கள். இரவு காய்ச்சல், உடம்புவலி வரலாம், ஒரு பாராசிட்டமால் போதும். சுகர் ரெண்டொரு நாள் கொஞ்சம் ஏறலாம், இறங்கிவிடும்.

பக்க விளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். ரத்தக் கட்டி உண்டாகும் அபூர்வமான விளைவு கோவிஷீல்டில் உண்டு. மே மாதம் அரசு வெளியிட்ட கணக்குப்படி 10 லட்சம் டோஸுக்கு 0.61. அதாவது ஒன்றுகூட முழுதாக இல்லை. ஆனாலும் ஊசி போட்ட 20 நாளுக்குள் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கை கால் வீக்கம், விடாத தலைவலி, விடாத வயிற்றுவலி, ஊசி போட்ட இடத்தைத் தாண்டி வேறு எங்காவது சிவப்புப் புள்ளிகள், வலிப்பு என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மெடிக்கல் ஷாப்புக்கு இல்லை.

நிஜமாகவே போடக் கூடாதவர்கள் மிகச் சிலர். முதல் டோஸுக்கே தீவிர ஒவ்வாமை வந்து உயிருக்குப் போராடியவர்கள் ரெண்டாவதைப் போடக் கூடாது. முன்பு வேறு ஊசி, மருந்து, உணவு எதற்காவது அப்படி வந்திருந்தால் டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். இன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருப்பவர்கள் தேறிய பிறகு வரட்டும். கர்ப்பிணிகளுக்கு ஜூலையிலிருந்தே அனுமதி இருக்கிறது, பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு அதற்கும் முன்பே. கபசுரக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடியுங்கள், அதையும் குடித்துவிட்டு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

"ஒண்ணு போட்டாச்சே, போதாதா" என்பவர்கள் மேலே இருக்கும் போலீஸ் கணக்கை இன்னொரு தடவை படியுங்கள். ரெண்டாவது டோஸுக்கு, 2021 விதிப்படி, கோவிஷீல்டு என்றால் 84 நாள், கோவேக்சின் என்றால் 28 நாள். கெடு தாண்டிவிட்டது, முதலிலிருந்து மறுபடி போட வேண்டுமோ என்று சிலர் வெட்கப்பட்டு வராமல் இருக்கிறார்கள். வேண்டாம், விட்ட இடத்திலிருந்து ரெண்டாவதை மட்டும் போட்டால் போதும். யாரும் திட்ட மாட்டார்கள். நான் திட்டுவேன், ஆனால் போட்ட பிறகுதான்.

சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளே, வீடியோ காலில் "சாப்டீங்களாப்பா" என்று கேட்டதும் ஊசி போட்ட தேதியையும் கேளுங்கள். "போட்டுட்டேன்" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள், சர்டிபிகேட்டைக் காட்டச் சொல்லுங்கள். நடக்க முடியாமல் படுத்திருக்கும் தாத்தா பாட்டி இருந்தால் அருகில் இருக்கும் சுகாதார நிலையத்தில் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து போடுவார்கள். யாரைக் கேட்பதென்று தெரியவில்லையென்றால் 104-க்குப் போன் செய்யுங்கள். கேம்ப்புக்குப் போகும்போது ஆதாரும் முதல் டோஸுக்குக் கொடுத்த அதே போன் நம்பரும் கையில் இருக்கட்டும்.