செயின் மாட்டினால் மட்டும் போதாது

தை பிறந்ததிலிருந்து என் பட்டறைக்கு இப்படி வருகிற மூன்றாவது வண்டி இது. தொண்டிப் பக்கத்து இறால் பண்ணையிலிருந்து டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தீவன மூட்டை சுமக்கிற சின்ன நாலு சக்கர வண்டி. டயரைக் கழற்றிவிட்டு நாலு பக்கமும், டாங்கிக்கு இருக்கிற மாதிரி பட்டையாகச் சுற்றுகிற ரப்பர் செயின் மாட்டியிருந்தார்கள். முன்சக்கரம் மாட்டுகிற ஹப்பைத் திறந்தேன். பேரிங்கில் கிரீஸ் இல்லை, கருஞ்சேறுதான் இருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மணல் நறநறவென்கிறது. ஆக்சில் ஜாயிண்டை மூடுகிற ரப்பர் உறையான பூட் கிழிந்து ஜாயிண்டுக்குள் உப்பு பூத்துக் கிடந்தது.

“திருவாடானை வயல்ல நெல் அறுக்கிற செயின் வண்டி சேத்துல போகுதேண்ணே, இது போகாதா?” என்றார் கூட வந்த தம்பி.

எல்லோரும் இதையேதான் கேட்கிறீர்கள். அறுவடை வண்டியைச் செய்யும்போதே செயினுக்கென்று செய்கிறார்கள். சேஸிஸ், ஆக்சில், கியர் எல்லாமே அந்த இழுவைக்கு உருவானவை. உங்கள் வண்டியின் ஹப் டயருக்கு அளவெடுத்தது. அதில் கூடுதலாக நூறு கிலோவை ஒட்டித் தொங்கவிட்டால் பேரிங்கும் ஜாயிண்டும் எத்தனை நாள் தாங்கும்? செயின் போட்டால் புதையாது என்பதும் பாதிதான் உண்மை. எடை பரவுவதால் லேசில் புதையாது, சரி. ஆனால் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் செயினே குழி தோண்டிக்கொண்டு இறங்கும். வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கத்துச் சேற்றில் அப்படி இறங்கிய வண்டியைச் சேறு கவ்விக்கொள்ளும். டயர் வண்டியை நாலு பேர் தள்ளி எடுத்துவிடலாம். இதற்கு டிராக்டர் வேண்டும், அது வருவதற்குள் கடல் ஏறிவிடும்.

தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கத்து மணலில் வேறு தொல்லை. இந்தச் சாமான் பெரும்பாலும் பனி நாட்டுக்காரர்கள் ஓட்டுவது. செயினுக்குள் உரசுகிற பிளாஸ்டிக் கட்டைகளைப் பனிதான் நனைத்துக் குளிரவைக்கும். நம் காய்ந்த மணலில் அது ஏது? வேகமாக ஓட்டினால் கட்டை இளகித் தேய்ந்துபோகும்.

மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கேளுங்கள். செயின் யூனிட் சுற்றிவிடாமல் சேஸிஸோடு பிடிக்கிற கம்பியை வாரம் ஒருமுறை பாருங்கள், போல்ட் தளர்ந்திருந்தால் அன்று வண்டியை எடுக்காதீர்கள். செயின் விறைப்பைப் புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு வையுங்கள், கண் திட்டம் வேண்டாம். லோ கியரில் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பண்ணை மோட்டார் தண்ணீரில் அல்ல, அதுவும் உப்புதான். தார் ரோட்டில் ஏற்றவே கூடாது. ரப்பர் போவது ஒருபுறம், 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இருக்கிறது, பதிவுக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. வெறும் மணலுக்கு மட்டும்தான் என்றால் செயினே தேவையில்லை. அகல டயரில் காற்றை இறக்கினாலே பெரும்பாலும் போய்விடலாம்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். தனுஷ்கோடிக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடுகிற காலம் இது. ஒன்றரை அடி ஆழத்தில் சுமார் நூறு முட்டை கிடக்கும், மேலே பார்த்தால் வெறும் மணல்தான். “செயின் லேசாத்தானே அமுக்கும்” என்கிறார்கள். திரும்பத் திரும்பப் போனால் மணல் இறுகி, குஞ்சு மேலே வர முடியாது. வந்தாலும் செயின் பதித்த பள்ளத்தில் விழுந்து கடலுக்கு வழி தெரியாமல் கிடக்கும். வைகாசி முடிகிறவரை அந்தக் கரையில் வண்டியை இறக்காதீர்கள். மூட்டையைத் தலையில் சுமந்தாவது கொண்டு போங்கள்.