புறநானூற்றை எழுந்து நின்று படிக்கலாம்

நம் வகுப்பறைகளில் செய்யுள் பாடம் எப்படி நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் ஒருமுறை ராகமாக வாசிப்பார். ‘சொல்லும் பொருளும்’ பகுதியில் கோடு போடச் சொல்வார். ‘பாடலின் பொருள்’ பகுதியை ஒரு பிள்ளை எழுந்து படிக்கும். மனப்பாடப் பகுதி என்றால் அடி பிறழாமல் எழுதிக் காட்ட வேண்டும். இதில் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்தப் பாட்டில் யாரோ ஒருவர் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார் என்பது பாதிப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை தெரியாது.

சங்கப் பாடல்களில் பெரும்பாலானவை பேச்சுதான். அகப்பாடல்களோடு ‘தோழி கூற்று’, ‘செவிலி கூற்று’ என்று அச்சிட்டே தருகிறார்கள். பேசுவது யார், எதிரில் நிற்பது யார், என்ன நெருக்கடியில் பேச்சு வந்தது என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் அருஞ்சொற்களில் பாதி தானாகப் புரியும். இதை விளக்குவதைவிட நடிக்கவிடுவது சுலபம். ஆண்டுவிழா நாடகத்தைச் சொல்லவில்லை. அதில் பட்டுப்புடவை, அட்டைக் கிரீடம், மைக் எல்லாம் இருக்கும், மூலப் பாட்டு மட்டும் இருக்காது. நான் என் வகுப்புகளில் செய்வது ஒரே பாடவேளையில், கையில் புத்தகத்தோடு, பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் செய்யும் வேலை.

தொடங்குவதற்கு நான் எடுப்பது புறநானூற்று 46ஆம் பாடல். சோழன் கிள்ளிவளவன், பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடப் போகிறான். புலவர் கோவூர்கிழார் குறுக்கே வந்து பேசுகிறார். மொத்தம் எட்டே அடி.

நீயே, புறவின் அல்லல் அன்றியும், பிறவும்
இடுக்கண் பலவும் விடுத்தோன் மருகனை;
இவரே, புலனுழுது உண்மார் புன்கண் அஞ்சித்
தமதுபகுத்து உண்ணும் தண்ணிழல் வாழ்நர்;
களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த
புன்தலைச் சிறாஅர், மன்று மருண்டு நோக்கி
விருந்திற் புன்கண்நோ வுடையர்;
கேட்டனை யாயின், நீ வேட்டது செய்ம்மே.

பேசுபவர் ஒருவர்தான். ஆனால் அரசன் வேண்டும், பிள்ளைகள் வேண்டும், பாகன் வேண்டும், யானை வேண்டும். (யானைக்கு ஆள் தேடவே வேண்டாம், கடைசி பெஞ்சு மொத்தமும் வந்து நிற்கும்.) மிச்சமிருக்கும் வகுப்பு முழுவதும் மன்றம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

நடிக்கத் தொடங்கியதுமே சிக்கல் வரும். சிறுவர்கள் அழ வேண்டுமா, கூடாதா? ஐந்தாம் அடியை இரண்டு விதமாகவும் கொள்ள இடமிருக்கிறது. ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைப் பார்த்த வியப்பில் அழுகையை மறந்தார்கள் எனலாம். யானையைக் கண்டால் அழ வேண்டிய வயதுப் பிள்ளைகள், புது இடத்தின் மிரட்சியில் அந்த அழுகையைக்கூட மறந்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். படிக்கும்போது இதைக் கவனிக்காமல் தாண்டிவிடலாம். நடிக்கும்போது முடியாது, அந்தப் பையன் முகத்தை எப்படியாவது வைத்துக்கொண்டாக வேண்டுமே. இரண்டையும் செய்து பார்க்கச் சொல்வேன். “அந்த யானைதான் தங்களைக் கொல்லப் போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாதா ஐயா?” என்று யாராவது கேட்பார்கள். பாட்டின் பாரம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அதை நான் கேட்டு அவர்கள் பதில் எழுதுவதைவிட, அவர்கள் கேட்டு நான் பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது கடைசி அடி. ‘கேட்டாயானால் நீ விரும்பியதைச் செய்’ என்று உரைநூலில் வாசித்தால் அதில் உயிரே இல்லை. ஒருத்தி கெஞ்சிச் சொல்வாள். இன்னொருவன் சொல்லிவிட்டு அரசனுக்கு முதுகைக் காட்டி நடப்பான். வேறொருவன் மிரட்டுவான். புறாவைக் காப்பாற்றியவன் வம்சத்தில் வந்தவன் நீ என்று ஆரம்பித்தவர் கெஞ்சுவாரா என்று சண்டை தொடங்கும். அந்தச் சண்டையில் அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே எட்டடியும் மனப்பாடமாகிவிடும். அரசன் என்ன செய்தான் என்று பாட்டில் இல்லை. ‘மலையமான் மக்களை யானைக்கு இடுவுழிப் பாடி உய்யக் கொண்டது’ என்ற பழைய குறிப்பை எல்லாம் முடிந்த பிறகுதான் வாசிப்பேன். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மன்றத்தில் நிற்பவர்களுக்கு வேலையில்லை.

சரி, மொழி புரியாதே, எளிய வசனமாக மாற்றித் தரலாமா? இங்கேதான் பல ஆசிரியர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு. மாற்ற வேண்டியதில்லை, கூத்திலேயே வழி இருக்கிறது. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் தெருக்கூத்தில் வேடக்காரர் பாட்டோடு வருவார். ‘யாரு நீங்க, எங்க வந்தீங்க’ என்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச்சு வழக்கில் விசாரிப்பான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் விடிய விடிய உட்கார்ந்து பாரதக் கதை கேட்டது இப்படித்தான். வகுப்பிலும் ஒரு பிள்ளை கட்டியங்காரன். புலவர் முதல் இரண்டு அடியைச் சொல்லி நிறுத்தியதும், “ராஜா, உங்க பாட்டன் ஒரு புறாவுக்காகத் தன் சதையையே அறுத்துக் குடுத்தாராமே?” என்று அவன் எடுத்துக் கொடுப்பான். நிபந்தனை ஒன்றுதான். கட்டியங்காரன் என்ன வேண்டுமானாலும் பேசலாம், பாட்டில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. அவன் பேச வேண்டுமென்றால் பாட்டு அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பதால், படிப்பில் பின்தங்கியவன் என்று ஒதுக்கிய பிள்ளைக்கே பெரும்பாலும் இந்த வேலையைத் தருவேன். வாய்த்துடுக்கு அவனுக்குத்தான் அதிகம்.

அடுத்து சிலப்பதிகாரத்தின் 20ஆம் காதை, வழக்குரை காதை. எல்லோரும் கண்ணகியிடம் ஓடுவார்கள். நான் வாயிற்காவலனிடம் தொடங்குகிறேன். வெளியே சிலம்போடு ஒரு பெண் நிற்கிறாள் என்று சொல்ல வந்தவன், அதைச் சொல்லாமல் நான்கு அடிக்குள் ஆறு முறை ‘வாழி’ போடுகிறான். தலைமையாசிரியர் அறைக்குக் கெட்ட செய்தி கொண்டுபோன பிள்ளைக்கு இந்த நடுக்கத்தை விளக்க வேண்டியதில்லை. பாண்டியனாக வருபவன் சினிமா வில்லன்போலக் கத்துவான். அவனை நிறுத்தி, ‘தேமொழி உரைத்தது செவ்வை நன்மொழி’ என்ற அடியைக் கத்திச் சொல்லிப் பார்க்கச் சொன்னால் போதும். நியாயமான சோதனை என்று தானே ஒப்புக்கொண்டு, தன் தரப்புச் சிலம்பைக் கொண்டுவரச் சொல்லும் அரசன் அவன். சிலம்புக்கு ஒரே மாதிரி இரண்டு டப்பா, ஒன்றில் புளியங்கொட்டை, ஒன்றில் அரிசி. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, திறந்தால்தான் தெரியும். கண்ணகி சிலம்புக்குள் இருந்த மாணிக்கப் பரலும் அரசி சிலம்புக்குள் இருந்த முத்துப் பரலும் வழக்கையே முடித்துவைப்பது இதில் விளங்கிவிடும்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. கண்ணகி என்றாலே சிவப்பாக, கணீரென்று பேசும் பெண்ணைத் தேடும் பழக்கத்தை விட வேண்டும். கூத்தில் பெண் வேடம் கட்டுவது ஆண்கள்தானே, பையன் கண்ணகியாகட்டும். திக்கிப் பேசும் பிள்ளையைப் பின்பாட்டில் சேர்த்தால் கூட்டத்தோடு குரல் வரும். பொற்கொல்லனுக்கு நான் வேடம் கொடுப்பதில்லை. வழக்குரை காதைக்கு அவன் தேவையுமில்லை. நகைத்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருந்து, அடுத்த நாள் கேலிக்கு ஆளானால் அந்தப் பாடம் தோற்றது என்றே அர்த்தம். காவலன், பாகன் வேடங்கள் யாருக்குப் போகின்றன என்பதிலும் ஒரு கண் வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போடுவது பாதுகாப்பு.

எல்லாப் பாட்டும் இதற்கு ஒத்துவராது. குறளை நடிக்க வைக்கப் போனால் நீதிக்கதைதான் மிஞ்சும். கலித்தொகை 51, கபிலரின் ‘சுடர்த்தொடீஇ கேளாய்’, முழு நாடகம். தண்ணீர் கேட்டு வந்தவன் கையைப் பிடிக்கிறான், அவள் அலறுகிறாள், தாய் ஓடி வந்ததும் ‘உண்ணுநீர் விக்கினான்’ என்று சமாளிக்கிறாள். சிறு வகுப்புகளில் இதைத் தொடுவதில்லை, மேல்நிலைக்கு வைத்திருக்கிறேன். அங்கேயும் கையைப் பிடிப்பதை நடிக்கவிடாமல், மூன்றடி தள்ளி நின்று அடியை மட்டும் சொல்லச் சொல்வேன். அவன் செய்தது சரியா, அவள் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று பெண் பிள்ளைகள் கேட்டால் அன்றைக்குப் பாடம் அதுதான், மணி அடித்தாலும் நிறுத்துவதில்லை.