அலைவும் அலையும்: ‘ஆசிலேஷன்’ என்ற சொல்

மொழிபெயர்ப்பு ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, ‘வட அட்லாண்டிக் அலை வலுப்பெறும் குளிர்காலங்களில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் அலைகள் உயரும்’ என்றொரு வரி கண்ணில் பட்டது. அலை வலுத்தால் அலை உயரும் என்பதைச் சொல்ல ஆய்வாளர் எதற்கு? மூலத்தில் இருந்தது ‘நார்த் அட்லாண்டிக் ஆசிலேஷன்’, அதாவது வட அட்லாண்டிக்கின் இரு பகுதிகளுக்கிடையே காற்றழுத்த வேறுபாடு கூடியும் குறைந்தும் வருவது. ‘அலைவு’ என்று எழுதவேண்டிய இடத்தில் ஒரு ‘வு’ விழுந்துபோனதால், காற்றழுத்தத்தில் நிகழும் ஒன்று நீரில் நிகழ்வதாக மாறிவிட்டது.

ஆசிலேஷன் என்பதன் மூலம் லத்தீன். ‘ஓஸ்கில்லாரே’ என்றால் ஊசலாடுதல், ‘ஓஸ்கில்லும்’ என்றால் ஊஞ்சல். இந்த ஓஸ்கில்லும் என்ற சொல், முகத்தையும் வாயையும் குறிக்கும் ‘ஓஸ்’ என்பதன் சிறுமை வடிவமாக இருக்கலாம் என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. ரோமானியர் மதுக்கடவுள் பாக்கஸின் சிறிய முகமூடிகளை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிடுவர். அவை காற்றில் ஆடிய ஆட்டமே வினைச்சொல்லாயிற்று என்பது அவர்கள் தரும் விளக்கம். இயற்பியல் வழியாக வந்த இச்சொல்லை வானிலை இயலில் நிலைபெறச் செய்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய இந்தக் கணிதவியலாளர், பருவமழையை முன்கணிக்கும் வழி தேடி உலகெங்குமிருந்து திரட்டிய அழுத்த அளவுகளை ஒப்பிட்டபோது, ஓரிடத்தில் அழுத்தம் உயர்கையில் வெகுதொலைவில் உள்ள வேறோரிடத்தில் அது தாழ்வதைக் கண்டார். 1920களில் தெற்கத்திய அலைவு, வட அட்லாண்டிக் அலைவு, வட பசிபிக் அலைவு என மூன்றை இனங்கண்டு பெயரிட்டார்.

தமிழில் இதற்குச் ‘சுழற்சி’, ‘ஊசலாட்டம்’, ‘அலைவு’ ஆகிய மூன்று சொற்களும் புழங்குகின்றன. சுழற்சியை முதலிலேயே தள்ளிவிடலாம். சுழல்வது குறித்த காலத்தில் தொடங்கிய இடத்துக்கு மீளவேண்டும், வட அட்லாண்டிக் அலைவோ சில வாரங்களிலும் நிலை மாறும், பல ஆண்டுகள் ஒரு பக்கமே சாய்ந்தும் கிடக்கும். ஊசலாட்டம் அழகான சொல்தான். ஆனால் ஊசல் என்றதும் கடிகாரத்தின் சீரான ஆட்டம் நினைவுக்கு வருவதோடு, மனம் ஊசலாடுவதும் உயிர் ஊசலாடுவதும் கூடவே வந்து நிற்கின்றன. அலைவில் அந்தத் தொல்லை இல்லை. அலைதல் என்பதற்கு அசைதல் என்றும், ஒரு கணக்கில்லாமல் திரிதல் என்றும் பொருள் உண்டு. இரு நிலைகளுக்கிடையே கால அட்டவணை இல்லாமல் போய்வரும் ஒன்றுக்கு இதைவிடப் பொருந்தும் சொல்லை நான் கண்டதில்லை. தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலிலும் ‘அலைவுகள்’ ஒரு பாடம், அதையடுத்து ‘அலைகள்’ தனிப் பாடம்.

இனி அலைவு அலையை எப்படி ஆட்டுவிக்கிறது என்பதைப் பார்க்கலாம். ஐஸ்லாந்தையொட்டி ஒரு தாழ்வழுத்தமும் போர்ச்சுகலுக்கு மேற்கே அசோர்ஸ் தீவுகளையொட்டி ஓர் உயரழுத்தமும் உள்ளன. இவ்விரண்டின் வேறுபாடு வழக்கத்தைவிட மிகுந்தால் அது நேர்நிலை, குறைந்தால் எதிர்நிலை. நேர்நிலையில் மேற்கிலிருந்து வீசும் காற்று வலுத்து, புயல்கள் வடகிழக்காகச் செல்லும். அயர்லாந்து, ஸ்காட்லாந்துக் கடல்களில் அலை உயரும். எதிர்நிலையில் புயல்களின் தடம் தெற்கே இறங்குவதால், வடக்கே தணிவும், ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியக் கரையை நோக்கிய பக்கம் கொந்தளிப்பும் உண்டாகும். அலையின் உயரத்தைத் தீர்மானிப்பவை காற்றின் வேகம், அது வீசும் நேரம், தடையின்றி வீசிவரும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றுமாகையால், அழுத்த வேறுபாட்டில் நேரும் மாற்றம் அலையில் பெருகித் தெரிகிறது. 1960களில் எதிர்நிலையிலிருந்த இந்த அலைவு 1990களின் தொடக்கத்தில் நேர்நிலைக்கு ஏறியபோது, வடகிழக்கு அட்லாண்டிக்கின் குளிர்கால அலைகளும் உயர்ந்துவந்தன.

காற்று வீசிய இடத்தோடு அலை நின்றுவிடுவதில்லை. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 16 விநாடி இடைவெளி கொண்ட நெடிய அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் கடக்கும். தென் இந்தியப் பெருங்கடலின் புயல்கள் கிளப்பிய அலைகள், காற்றே இல்லாத நாளில் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் திடுமெனக் கரையேறுவதைத்தான் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். எங்கோ ஆடியதன் விளைவு இங்கே வந்து சேர்வதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் கலைச்சொல் அமைவது அரிது.

எல்லா அலைக்கும் இந்த ஓர் அலைவே காரணமென்று எழுதுவதும் பிழை. 1948 முதலான கணக்கில், மேற்கு ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையை மிகுந்த ஆற்றலோடு அலைகள் தாக்கியது 2013–14 குளிர்காலத்தில்தான். அந்தப் பிப்ரவரியில் இங்கிலாந்தின் டாலிஷ் ஊரில் கடற்சுவர் இடிந்து, அடிமண் கரைந்து, ரயில் தண்டவாளம் ஊஞ்சல்போல் அந்தரத்தில் தொங்கியது. அந்தப் பருவத்தின் கடுமையை வட அட்லாண்டிக் அலைவின் நிலையை எண்ணால் காட்டும் குறியீட்டைக் கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை. எனவே ஆய்வாளர்கள் 2017-இல், அயர்லாந்தின் வலன்ஷியாவுக்கும் கேனரித் தீவுகளின் டெனரீஃபுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை வைத்துப் புதுக் குறியீடு ஒன்றை உருவாக்கினர். அதன் பெயரில் ஆசிலேஷன் கிடையாது, ‘அனாமலி’ என்ற சொல்லே உள்ளது. வழக்கநிலையிலிருந்து விலகுவதைக் குறிக்கும் அச்சொல்லை அலைவு என்று எழுதலாகாது; அந்த மொழிபெயர்ப்பின் பிற்பகுதியில் அதை ‘மேற்கு ஐரோப்பிய அழுத்தப் பிறழ்வு’ என்று திருத்தினேன்.