சினேக்ரித்யூர்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

1985-இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுப் படத்தின் டைட்டிலில், திரைக்கதை எழுதியவர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'சினேக்ரி' என்று போட்டு, கூடவே அதன் இயக்குநர் ஆன்யெஸ் வர்தாவின் பெயர் வரும். அது அவரே உருவாக்கிய சொல். அதன் பெயர்ச்சொல் வடிவம்தான் சினேக்ரித்யூர்.

பிரித்தால் சினே, எக்ரித்யூர். சினே என்பது சினிமாவின் சுருக்கம். வேர், அசைவைக் குறிக்கும் 'கினேமா' என்ற கிரேக்கச் சொல். (வர்தாவின் அப்பா கிரேக்கர். தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.) எக்ரித்யூர் என்றால் எழுத்து, எழுதுதல்.

சரி, திரைக்கதைக்குத்தான் பிரெஞ்சில் 'செனாரியோ' இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு? 'நன்றாக எழுதப்பட்ட படம்' என்று யாராவது பாராட்டினால், அது கதைக்கும் வசனத்துக்கும் மட்டுமே போய்ச் சேர்கிறது என்பது வர்தாவின் குறை. எழுத்தாளர் வாக்கியத்தின் நீளத்தையும் பத்தியையும் தேர்வதுபோல, இயக்குநர் இடத்தையும் வெளிச்சத்தையும் கேமராவின் நகர்வையும் படத்தொகுப்பில் வெட்டின் தாளத்தையும் தேர்கிறார். புத்தகத்தில் இதை நடை என்கிறோம்; படத்தில் இதுவே சினேக்ரித்யூர் என்று 1994-இல் தன் நூலில் விளக்கினார். நாடகக் குழுவொன்றுக்குப் புகைப்படக்காரராக இருந்து, அதிகம் படம் பார்க்காமலே 1954-இல் முதல் படத்தை எடுத்தவர் அவர். காட்சியையே எழுத்தாக நினைத்ததில் வியப்பில்லை.

மேலே சொன்ன 1985 படத்தின் பெயரிலேயே ஒரு விளையாட்டு உண்டு. 'நம்பிக்கையும் இல்லை, சட்டமும் இல்லை' என்ற பிரெஞ்சு மரபுத்தொடரில் ஓர் ஒலியை மாற்றி, நம்பிக்கையைக் கூரையாக்கிவிட்டார். வீடற்றுத் திரியும் மோனா என்ற பெண்ணின் கதை. அவள் நடக்கையில் கேமரா கூடவே வலமிருந்து இடமாக, அதாவது பிரெஞ்சு எழுதப்படும் திசைக்கு எதிராக, நகரும். அவளைத் தாண்டிப்போய் ஏதாவது ஒரு பொருளில் நிற்கும். பல நிமிடம் கழித்து வரும் அடுத்த நகர்வு அதே மாதிரியான பொருளில் தொடங்கும். திரைக்கதையைப் படித்து இதை ரசிக்க முடியாது, பார்க்கத்தான் வேண்டும்.

2000-இல் வந்த ஆவணப்படத்தில், அணைக்க மறந்த கேமராவில் லென்ஸ் மூடி தொங்கி ஆடியது பதிவாகிவிட்டது. வர்தா அதைத் தூக்கிப் போடவில்லை. ஜாஸ் இசை சேர்த்து ஆடவிட்டார். இதுவும் சினேக்ரித்யூர்தான்.

தமிழுக்கு வருவோம். 'திரைக்கதை' என்றால் தவறு. வர்தா தாண்ட நினைத்ததே அதைத்தான். 'திரைமொழி' பரவாயில்லை, ஆனால் அது சினிமாவுக்கே பொதுவான மொழி. இங்கே பேச்சு ஒருவரின் கைவண்ணம் பற்றியது. என் ஓட்டு 'திரையெழுத்து' என்பதற்கு. தமிழில் எழுதுவது சொல்லை மட்டுமல்ல: ஓவியம் எழுதுகிறோம், கண்ணுக்கு மை எழுதுகிறோம். எக்ரித்யூரை விட நம் 'எழுத்து' இங்கே அழகாகவே பொருந்துகிறது. டைட்டில் கார்டில் ஓடும் எழுத்தோ என்று சிலர் குழம்பலாம். அப்படிப்பட்ட இடத்தில் வினையாக்கி 'திரையில் எழுதியவர்: ஆன்யெஸ் வர்தா' என்று போட்டால் போதும்.