ஜாக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

தையல் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதல் நாளே கேட்பது, "மேடம், ஜாக்கெட் தைக்க எத்தனை நாளாகும்?" என்பதுதான். இன்றைய தையல் கூலியில் அந்த அவசரம் புரிகிறது. ஆனால் மெஷினை வாங்கிய கையோடு, வீடியோ பார்த்து, நேராக லைனிங் ஜாக்கெட்டில் இறங்கியவர்கள்தான் சீக்கிரமே "இந்த மெஷின் சரியில்லை" என்று மூலையில் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் மெஷின்மேல் தப்பிருக்காது.

அதிகம் வரும் புகார், துணிக்கு அடியில் நூல் சிக்கலாகக் குவிகிறது என்பது. உடனே அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் பாபின் கேஸைக் கழற்றி அதிலுள்ள குட்டி ஸ்குரூவைத் திருக ஆரம்பித்துவிடுவார்கள். கோளாறோ மேல்நூலில் இருக்கும். மேல்நூலின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷனில் இரண்டு வட்டத் தகடுகள் உண்டு. நூல் அவற்றின் நடுவில் போய் உட்கார வேண்டும். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட் இறங்கியிருக்கும்போது கோத்தால் தகடுகள் இறுகிக் கிடக்கும், நூல் உள்ளே போகாது. ஆகவே ஃபுட்டைத் தூக்கிவைத்துக் கோத்துக்கொள்ளுங்கள். தைக்கும்போது மறக்காமல் இறக்குங்கள். பாபின் கேஸைச் சோதிக்க, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டு லேசாக ஒரு உதறு உதறினால் போதும். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. மடமடவென்று இறங்கினால் தளர்வு.

தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியைப் பாருங்கள். வீட்டு மெஷின் ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அதற்கு எதிர்ப்பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் கோக்க வேண்டும். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர், பாப்ளினுக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16. முனை மழுங்கிய ஊசியை வைத்துக்கொண்டு மிச்சம் பிடிக்காதீர்கள்.

மிதி மெஷின் என்றால் முதலில் நூலே வேண்டாம். வீலைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றிவிட்டு, அது பின்னால் ஓடாதபடி மிதித்துப் பழகுங்கள். வீல் பின்னால் ஓடினால் நூல் அறும். பிறகு கோடு போட்ட நோட்டுத்தாளை வைத்து, கோட்டின் மேலேயே ஊசி போகும்படி ஓட்டுங்கள். இதற்குப் பழைய ஊசியே போதும். தாள் ஊசியை மழுக்கிவிடும். மூலை வந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் திருப்ப வேண்டும். மோட்டார் மாட்டியவர்கள் ஊசி மாற்றும்போதாவது சுவிட்சை அணையுங்கள். குழந்தைகள் கால் வைப்பதும் அந்தப் பெடலில்தான். எண்ணெய், மெஷின் எண்ணெயாகவே இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுக்காக இறுகி வீலே சுற்றாது.

முதல் உடுப்பாக நான் தைக்கச் சொல்வது உள்பாவாடை. பாப்ளினை முந்தின இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துத் தேய்த்த பிறகு வெட்டுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் ஒன்றும் செய்ய முடியாது. பாவாடைக்கு வெட்டும் ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு ஓரம் நேராகவும் மறு ஓரம் சாய்வாகவும் வரும். சாய்ந்த ஓரம் இழுத்தால் நீளும். அதனால் ஒரு பீஸின் சாய்ந்த ஓரத்தை அடுத்ததன் நேர் ஓரத்தோடு இணைக்க வேண்டும். இரண்டு சாய்வுகளைச் சேர்த்தால் அந்தத் தையல் தொங்கிப்போகும். நேர்த்தையல், சாய்வு, மடிப்பு, நாடாப் பட்டி எல்லாமே இந்த ஒன்றில் கைக்கு வந்துவிடும். கோணலாக வந்தாலும் சேலைக்குள் யாருக்கும் தெரியாது.

புது மெஷின் வாங்குவதானால் விலையுயர்ந்த எம்பிராய்டரி மாடல் தேவையே இல்லை. வாங்க வசதியில்லாதவர்கள் தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் பற்றி மாவட்ட சமூகநல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தையல் பயின்ற சான்று கேட்பார்கள்.

இனி ஜாக்கெட். உடம்புக்குக் கச்சிதமாக இருந்து நைந்துபோன ஒன்றைத் தையல் பிரித்து, தேய்த்து, அந்தத் துண்டுகளையே அளவாக வையுங்கள். முதலில் பழைய வேட்டித் துணியில் வெட்டித் தைத்துப் போட்டுப் பாருங்கள். கைக்குழியும், உடம்பின் வளைவுக்காகப் பிடிக்கும் மடிப்பான டாட்டும் சரியாக உட்கார்ந்த பிறகு நல்ல துணியில் கத்திரி வைக்கலாம். பக்கவாட்டில் மட்டும் 1 அங்குலம் உள்தையலுக்கு விட்டுவையுங்கள்.