பதினைந்து நிமிடத்தில் எழுந்து ஓடும் மனசும் பரீட்சைப் படிப்பும்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். காலை ஏழு மணிக்கு அறிவியல் புத்தகத்தோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவள், கால் மணி நேரம் ஆவதற்குள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். திரும்பி வந்து ஒரு பக்கம். அப்புறம் பால்கனி. அப்புறம் போன். ஒன்பது மணிக்கு என்னிடம் வந்து நின்றாள். "மாமா, எனக்கு மட்டும் ஏன் உட்காரவே முடியல? எங்க கிளாஸ்ல ஒருத்தி நாலு மணி நேரம் எழுந்திருக்காமப் படிப்பா." கண் கலங்கியிருந்தது.

உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் படிப்பதுதான் படிப்பு என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. இன்று எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்கிறோம். என்ன நினைவில் நின்றது என்று கேட்பவர்கள் குறைவு. நினைவு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர்கள் 1885-லிருந்து கண்டுபிடித்துவரும் விஷயங்களைப் பார்த்தால், விட்டு விட்டுப் படிப்பவர்களுக்கு மூளை நன்றாகவே ஒத்துழைக்கிறது என்று தெரிகிறது. எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

முதலில் கவனத்தைப் பற்றி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்கு ஒரு பிரச்சினை இருந்தது. கடலுக்கு மேலே பறந்தபடி ரேடார் திரையில் எதிரி நீர்மூழ்கிகளைத் தேடியவர்கள், நேரம் ஆக ஆகத் திரையில் தெரிந்த புள்ளிகளையே கோட்டைவிட்டார்கள். நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர் இதைச் சோதிக்க ஒரு கடிகாரம் செய்தார். எண்களே இல்லாத முகப்பு, அதில் நொடிக்கு ஒரு தாவலாக நகரும் முள். எப்போதாவது ஒரு முறை அது இரண்டு தாவலாகத் தாவும். அதைப் பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. முதல் அரை மணி நேரம் தாண்டியதுமே தவறவிடுவது கூடியது. 1948-ல் அவர் இதை வெளியிட்டார். சோதனையில் இருந்தவர்களில் பயிற்சி பெற்ற படைவீரர்களும் உண்டு. அவர்களுக்கே அப்படி என்றால், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் பதினைந்து வயதுப் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமே இல்லை. இந்தத் தலைமுறையின் கவனம் தங்கமீனைவிடக் குறைவு, எட்டு நொடிதான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதற்குப் பின்னால் உருப்படியான ஆய்வு எதுவும் இல்லை. பிள்ளைகளிடம் அதைச் சொல்லி மட்டம் தட்ட வேண்டாம்.

ஏன் கவனம் தேய்கிறது? மின்விசிறிச் சத்தம் நமக்குக் கேட்பதில்லை, கரண்ட் போனால்தான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிகிறது. மாறாத ஒன்றை மூளை கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஒரே வேலையை நீட்டிச் செய்யும்போதும் இப்படித்தான் நடக்கிறது என்பது இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அலெஜாண்ட்ரோ யேராஸும் அவருடைய சகாவும் 2011-ல் முன்வைத்த விளக்கம். சலிப்பான ஒரு கணினி வேலையை 50 நிமிடம் செய்யச் சொன்னார்கள். விடாமல் செய்தவர்களின் திறன் வழக்கம்போல இறங்கியது. நடுவில் இரண்டே இரண்டு முறை மிகச் சிறிய வேறு வேலை ஒன்றைச் செய்துவிட்டுத் திரும்பியவர்களுக்கு அது இறங்கவில்லை. என் மருமகள் தண்ணீர் குடிக்க எழுந்ததில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் போன் வேறு கதை. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால், முதல் வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே வரும் என்று சோஃபி லெராய் 2009-ல் காட்டினார். மனதில் ஒரே நேரத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் ஏறக்குறைய நான்குதான் என்பது நினைவு ஆராய்ச்சியில் பலரும் ஏற்கும் கணக்கு. அதில் இரண்டை வகுப்புத் தோழிகளின் குரூப் சண்டை பிடித்துக்கொண்டால், அவள் படித்துக்கொண்டிருந்த இதயப் பாடத்துக்கு மிஞ்சுவது இரண்டு. தண்ணீர் குடித்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மாடிப்படி ஏறி இறங்கிவிட்டு வந்தால் இப்படி எதுவும் கூடவே வராது. ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்தால் வரும், ஏனென்றால் அதற்கு முடிவே கிடையாது. சைலண்டில் போட்ட போன் மேசையில் இருந்தாலே சிந்தனைத் திறன் கொஞ்சம் குறைகிறது என்று 2017-ல் டெக்சாஸில் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு அதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. இருந்தாலும் போனை அடுத்த அறையில் வைக்கத்தான் சொல்வேன். எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்றாலே பாதி முறை எடுக்க மாட்டோம்.

சரி, படிப்புக்கு வருவோம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்தார். கொஞ்ச காலம் கழித்து அதே வரிசையை மறுபடி மனப்பாடம் செய்வார். முதல் முறை ஆன உழைப்பில் இப்போது எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுவார். 20 நிமிடம் கழித்து 58 சதவீதம் மிச்சமானது. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. நினைவு முதல் நாளில் கிடுகிடுவென்று சரிகிறது, அப்புறம் மெதுவாகிவிடுகிறது. 1885-ல் வெளிவந்த அவருடைய நூலில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. 12 அசை கொண்ட வரிசையை ஒரே நாளில் 68 முறை ஓதியதால் மறுநாள் கிடைத்த பலன், மூன்று நாட்களுக்குப் பிரித்து மொத்தம் 38 முறை ஓதியதிலேயே கிடைத்துவிட்டது. கிட்டத்தட்ட பாதி உழைப்பு. பின்னால் வந்த நூற்றுக்கணக்கான சோதனைகளிலும் இது உறுதியாகியிருக்கிறது. நாலு மணி நேரம் ஒரே மூச்சில் படிக்க முடியாதவள், அதை நாலு நாளுக்கு ஒரு மணி நேரமாகப் பிரித்துக்கொண்டால் நஷ்டமில்லை, லாபம்.

இப்போது என் மருமகள் செய்துகொண்டிருந்த உண்மையான தவறுக்கு வருகிறேன். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும், விட்ட இடம் தெரியாமல் பாடத்தை முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தாள். மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டாள். கிட்டத்தட்ட எல்லா வரியும் மஞ்சள். மூன்றாவது முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருந்ததாம். அந்த உணர்வுதான் ஏமாற்றுகிறது. பேருந்து நிறுத்தத்தில் தினமும் பார்க்கும் முகம் நமக்கு நன்றாகத் தெரியும். பெயர் என்ன என்று கேட்டால் விழிப்போம். பரீட்சைத் தாள் கேட்பது பெயரை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-ல் செய்த சோதனையை எந்தப் பெற்றோரிடமும் சொல்வேன். மாணவர்களிடம் ஓர் அறிவியல் பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு நான்கு சுற்றும் வாசித்தது. சராசரியாக 14 முறை படித்திருந்தார்கள். இன்னொரு குழு முதல் சுற்றில் மட்டும் வாசித்தது, மூன்று நான்கு முறைதான். மீதி மூன்று சுற்றிலும் பத்தியைப் பார்க்காமல் நினைவிலிருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. தலைகீழாகிவிட்டது. இவ்வளவுக்கும், ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் வாசித்துக்கொண்டே இருந்த குழுவினர்தான்.

நினைவிலிருந்து ஒன்றை வெளியே இழுக்கும்போது, அந்த இழுப்பே அந்த நினைவை உறுதியாக்குகிறது. நம் ஊரில் இதற்கு அருமையான சொல் இருக்கிறது: ஒப்பித்தல். புத்தகத்தை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்று ஒப்பித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அர்த்தம் புரியாமல் வரி மாறாமல் ஒப்பிக்க வைத்ததால் அதற்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. புரிந்ததைத் தன் சொற்களில் ஒப்பித்தால் அதைவிட நல்ல படிப்பு முறையை நான் பார்த்ததில்லை.

அன்று அவளிடம் பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். "புத்தகத்தை மூடிட்டு, இதயத்துக்குள்ள ரத்தம் போற வழியை வரைஞ்சு காட்டுடா" என்றேன். நாலு அறை வரைந்தாள். உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை நீல ஸ்கெட்ச் பேனாவால் வலது ஆரிக்கிளுக்குக் கொண்டுவந்தாள். மூவிதழ் வால்வு வழியாக வலது வெண்ட்ரிக்கிள். அதுவரை சரி. அங்கிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயை வரையச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். "தமனின்னா நல்ல ரத்தம்தானே மாமா? ஆனா இது இன்னும் நுரையீரலுக்கே போகலையே?" நான் பதில் சொல்லவில்லை. அவளே புத்தகத்தைத் திறந்து தேடினாள். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை. அதனால் நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம், நுரையீரல் சிரையில் ஓடுவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம். மூன்று முறை கோடு போட்டு வாசித்த வரிதான் அது. ஆனால் கேள்வியோடு தேடிப் போனபோதுதான் கண்ணில் பட்டது. மொத்தம் 12 நிமிடம் ஆகியிருக்கும். அவள் ஒரு முறைகூட எழவில்லை.

கவனம் சீக்கிரம் ஓடுகிறவர்களுக்கு ஒப்பித்தல் இரட்டை லாபம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். வாசிக்கும்போது கண் வரியில் ஓடிக்கொண்டிருக்க, மனசு மேயப் போய்விடும். போனதே நமக்குத் தெரியாது. வரையும்போதோ சொல்லும்போதோ மனசு நகர்ந்தால் கை நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும்.

அதனால் நேரத்தை வைத்துப் பிரிக்காமல் கேள்வியை வைத்துப் பிரிக்கச் சொன்னேன். ‘இதயம் பாடம்’ என்று உட்கார்ந்தால் கரை தெரியாது. ‘ரத்தம் போகும் வழி’ என்று உட்கார்ந்தால் முடியும் இடம் தெரியும். பத்து நிமிடம் வாசிப்பு, ஐந்து நிமிடம் மூடி வைத்து ஒப்பிப்பு, அப்புறம் எழுந்து போகலாம். திரும்பி வந்ததும் புத்தகத்தைத் திறப்பதற்கு முன், போன முறை படித்ததைத் தாளில் மூன்று வரி எழுத வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் நான் கறாராக இருந்தேன். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றை வைத்து 25 நிமிடமாகப் பிரித்துப் படித்தார், அந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. 25 என்ற எண்ணில் விசேஷம் எதுவும் இல்லை. பத்து நிமிடம்தான் வருமென்றால் பத்து.

நடுவில் வேறு நினைப்பு வந்தால்? ரெக்கார்டு நோட்டு வாங்க வேண்டும், தோழியிடம் ஏதோ கேட்க வேண்டும். பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் வைத்து, அதை எப்போது செய்வது என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். ‘ரெக்கார்டு நோட்டு, சாயங்காலம் கடைக்குப் போகும்போது’ என்பது போல. முடிக்காமல் விட்ட வேலை மனதை நச்சரிப்பது, அதற்கு ஒரு திட்டம் போட்டதுமே அடங்குகிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011-ல் காட்டினார்கள்.

கணக்குக்கு ஒரு வார்த்தை. ஒரே மாதிரிக் கணக்கைப் பத்து போட்டுவிட்டு அடுத்த மாதிரிக்குப் போவதுதான் நம் பழக்கம். டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-ல் கன அளவுக் கணக்குகளை வைத்துச் சோதித்தார்கள். மாதிரி மாதிரியாகப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரி, கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் மாதிரி மாதிரியாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. கலந்து போடும்போது ஒவ்வொரு கணக்குக்கும் எந்தச் சூத்திரம் என்று தேட வேண்டியிருக்கிறது, பரீட்சையிலும் அந்த வேலைதான். சலிப்பு சீக்கிரம் வருகிறவர்களுக்கு இந்த மாற்றி மாற்றிப் போடுவது இயல்பாகவே ஒத்துவரும்.

ராத்திரி முழித்துப் படிப்பதை நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்ல மாட்டேன். படித்துவிட்டுத் தூங்கினால், விழித்திருப்பதைவிடக் குறைவாகவே மறக்கிறது என்று ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் 1924-லேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிறு வயதிலிருந்தே படிப்பில் மட்டுமல்லாமல் விளையாட்டில், வீட்டில், பேச்சில் என எல்லா இடத்திலும் கவனம் நிற்காமல் ஒரு பிள்ளை தவித்தால், அது டைமரும் தாளும் தீர்க்கும் விஷயம் இல்லாமல் இருக்கலாம். குழந்தை மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ காட்ட வேண்டும். ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் குறைபாடு) என்பது மருத்துவம் அறிந்த ஒரு நிலை, அதற்குச் சிகிச்சை உண்டு. திட்டித் திட்டியே வருடங்களைக் கடத்திவிடாதீர்கள்.

மருமகள் ஊருக்குப் போகும்போது மீதமிருந்த காலண்டர் தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இதயத்தை மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை வரையச் சொல்லியிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு படம் அனுப்பினாள். நுரையீரல் தமனி நீல நிறத்தில் இருந்தது. வால்வுகளில் ஒன்றின் பெயர் விட்டுப்போயிருந்தது, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.