சார்ட்டர் விமானத்துக்குப் பணம் கட்டும் முன்

மன்னார்குடியில் 20 வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் துபாயிலோ சிங்கப்பூரிலோ பிள்ளை இருக்கிற வீடுகள் வரிசையாக வரும். கொரோனா காலத்தில் அந்த வீடுகள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். சார்ட்டரில், அதாவது மொத்தமாக வாடகைக்கு எடுக்கும் விமானத்தில், சீட் வாங்கித் தருகிறேன் என்று அன்று நடந்த ஏமாற்று, அடுத்த தொற்று வந்தாலும் நடக்கும்.

2021 மே மாதம், வடுவூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். துபாயில் ஏசி மெக்கானிக். தங்கை கல்யாணத்துக்காக நவம்பர் கடைசியில் ஊருக்கு வந்தவர். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அங்கே குடியிருப்பு விசா செல்லாது. ஏப்ரல் 24 நள்ளிரவோடு ஐக்கிய அரபு அமீரகம் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. அவருக்கு இன்னும் இரண்டே வாரம்தான் இருந்தது.

"அண்ணே, சார்ட்டர்ல ஒரு சீட் இருக்காம். எட்டுப் பேர் போற ஃப்ளைட். சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போடணுமாம்" என்றார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அம்மாவின் சங்கிலியும் தங்கையின் இரண்டு வளையலும். நேரே அடகுக் கடைக்குப் போகிற வழியில்தான் என்னிடம் வந்திருந்தார்.

செல்போனில் வந்த படத்தைக் காட்டினார். தோல் சீட் போட்ட சின்ன விமானம், ஒரு தொகை, கீழே "பெர்மிஷன் ரெடி". விமானத்தை இயக்கும் கம்பெனி பெயர் இல்லை. விமானத்தின் பதிவு எழுத்துகளும் இல்லை. இந்திய விமானமென்றால் 'விடி' என்று தொடங்கும் ஐந்து எழுத்து வாலில் இருக்கும்; உண்மையான சார்ட்டர் என்றால் கேட்டதும் அதைச் சொல்லிவிடுவார்கள். அந்தப் புரோக்கருக்கு நானே போன் போட்டேன். அமீரக விமானத் துறை கொடுத்த அனுமதியில் தம்பி பெயர் இருக்கிறதா, அந்தத் தாளை அனுப்புங்கள் என்று கேட்டேன். "பணம் வரட்டும் சார், பேப்பர் தானா வரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எட்டுப் பேர் என்ற கணக்கு பொய்யில்லை. தொழிலதிபர்களின் தனி விமானம், கோல்டன் விசா என்ற நீண்டகாலக் குடியிருப்பு விசா வைத்திருப்பவர்கள் என்று சிலருக்கு மட்டும் அமீரகம் விலக்கு கொடுத்திருந்தது. தனி விமானத்தில் எட்டுப் பயணிகளுக்கு மேல் கூடாது என்றும் வரம்பு வைத்தது. இப்படி ஒரு துண்டு உண்மையை வைத்துக்கொண்டுதான் மீதிப் பொய்யை விற்றார்கள். தம்பியை நகையோடு வீட்டுக்கு அனுப்பினேன். அன்று அவருக்கு என்மேல் கோபம்தான். ஆகஸ்டில் விதி தளர்ந்ததும் அனுமதி வாங்கி, விமான நிலையத்திலேயே ரேபிட் பிசிஆர் என்ற உடனடி கொரோனா சோதனை எடுத்துக்கொண்டு, சாதாரண டிக்கெட்டில் போய்ச் சேர்ந்தார்.

பணம் கொடுத்தால் விமானம் கிடைக்கும், எல்லை கிடைக்காது. இது பலருக்குப் பிடிபடவில்லை. 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் முதல் விதியே, ஒரு நாட்டின் வானம் அந்த நாட்டுக்கே முழுச் சொந்தம் என்கிறது. 14ஆம் விதி காலரா, டைபஸ், பெரியம்மை, மஞ்சள் காய்ச்சல், பிளேக் என்று பெயர் சொல்லி, விமானம் வழியாக நோய் பரவாமல் தடுக்க வேண்டும் என்கிறது. தனி விமானம், கம்பெனி விமானம் என்ற பேதம் அதில் இல்லை. எட்டுப் பேர் விமானத்திலும் விமானி கொடுக்கும் 'ஜெனரல் டிக்ளரேஷன்' படிவத்தில் பயணிகளின் உடல்நிலைக்கென்று ஒரு பகுதி உண்டு.

அதைவிட முக்கியம், தடை விமானத்துக்கு அல்ல, ஆளுக்கு. 2021 ஏப்ரல் 23 நள்ளிரவு முதல், கடந்த 14 நாளில் இந்தியாவில் இருந்த நீண்டகால பாஸ்காரர்களையும் (அங்கே வேலை அனுமதியில் இருப்பவர்கள் மாதிரி) சுற்றுலாப் பயணிகளையும் சிங்கப்பூர் உள்ளே விடவில்லை. எந்த விமானத்தில், எந்த ஊர் வழியாக வந்தாலும் கேட்பது அந்த 14 நாளைத்தான். அமீரகத்திலும் அதே 14 நாள் கணக்குத்தான். அதனால்தான் பலர் ஆர்மீனியா மாதிரி மூன்றாவது நாட்டில் போய் இரண்டு வாரம் தங்கிவிட்டு வளைகுடாவுக்குப் போனார்கள். அக்டோபர் கடைசியில் சிங்கப்பூர் அந்தத் தடையை எடுக்கும் வரை, அப்பா இறந்த செய்தி கேட்டும் ஊருக்கு வரத் தயங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். வந்தால் வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற பயம். அவர்களுக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

வரும் வழியிலும் இப்படித்தான். 2020இல் வளைகுடாவிலிருந்து திருச்சிக்குச் சங்கங்கள் சார்ட்டர் ஏற்பாடு செய்தபோது, தூதரகப் பதிவு, மத்திய அரசு அனுமதி, மாநில அரசின் சம்மதம் எல்லாம் வேண்டியிருந்தது. சின்ன விமானம்தானே, தஞ்சாவூரில் இறங்கக் கூடாதா என்று என்னிடமே சிலர் கேட்டிருக்கிறார்கள். தஞ்சாவூரில் இருப்பது விமானப்படைத் தளம். வெளிநாட்டிலிருந்து வருகிற விமானம் சுங்கமும் இமிகிரேஷனும் உள்ள நிலையத்தில்தான் இறங்க வேண்டும். நமக்குப் பக்கத்தில் அது திருச்சி.

அப்புறம் பெயர். நம் ஊரில் இதில்தான் நிறையப் பேர் சிக்கினார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கொரோனா சோதனைக்கு லேப்பில் "எஸ். குமார்" என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, குமாருக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும். கவுண்டரில் இருப்பவர் இரண்டையும் வைத்துப் பார்த்து, இவர் வேறு ஆள் என்றுதான் முடிவு செய்வார். சோதனைக்குப் போகும்போது பாஸ்போர்ட்டையே எடுத்துப் போங்கள். அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து டைப் செய்யச் சொல்லி, பாஸ்போர்ட் எண்ணும் ரிப்போர்ட்டில் வரும்படி பாருங்கள்.

நேரத்திலும் கவனம் வேண்டும். 2021இல் சோதனை ரிப்போர்ட் இந்தியா வருவதற்கு 72 மணி நேரம், துபாய் போவதற்கு 48 மணி நேரம் செல்லும் என்று இருந்தது. துபாய்க் கணக்கு, மூக்கில் குச்சி விட்ட நேரத்திலிருந்து. ரிப்போர்ட் கைக்கு வந்த நேரத்திலிருந்து எண்ணியவர்கள் விமான நிலையத்தில் நின்றுபோனார்கள். ரிப்போர்ட்டில் இரண்டு நேரமும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். முதலாவதைப் பாருங்கள். ஸ்கேன் செய்தால் அதே ரிப்போர்ட் திறக்கிற கியூஆர் கோடும் இருக்க வேண்டும்.

பணம் கட்டுகிற இடத்துக்கு வருவோம். கம்பெனி பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள்; யாரோ ஒருவரின் ஜிபே நம்பருக்கு வேண்டாம். அனுமதி மறுக்கப்பட்டால் முழுப் பணமும் எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் விதி மாறினால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அந்த வருடங்களில் விதி ராத்திரியில் மாறியிருக்கிறது. இறங்குகிற அன்று எது விதியோ அதுதான் செல்லும், பணம் கட்டிய அன்று இருந்தது செல்லாது. புரோக்கர் அவசரப்படுத்தினால், பக்கத்தில் விவரம் தெரிந்த யாரிடமாவது தாளைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அந்த வடுவூர்த் தம்பிக்காக நான் கேட்டதும் ஒரு தாளைத்தான். அதற்கப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்லை.